நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசை கேட்காமல் போனது

கல்லடிப் பாலத்தில் காலையில் நடக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு இறுகும். நாக்குக்குக் கீழ் ஜி.டி.என். (கிளிசரில் ட்ரைநைட்ரேட்) என்ற நெஞ்சுவலிக் குளிசை வைத்தால் சில நிமிடத்தில் விட்டுவிடும். திடீரென்று அது கேட்காமல் போனது. வருத்தம் கூடிவிட்டதென்று பயந்துபோனோம்.

கிளினிக்கில் ஈசிஜி பழையபடியே இருந்தது. புதுப் போத்தல் வாங்கினோம். முதலில் கேட்டது, பிறகு அதே கதைதான்.

ஒருநாள் அப்பா தற்செயலாகச் சொன்னார்: "இப்ப இதை வைச்சா தலையிடி வாறல்ல, நாக்கும் விறுவிறுக்கிறல்ல." முன்பு அவருக்கு இரண்டும் வரும். இந்த மருந்து இரத்தக் குழாயை விரிக்கிறது, அதனால்தான் தலையிடி. அதைச் சொன்னதும் பாமசிக்காரர் கேட்டார்: "எதுக்குள்ள போட்டு வைக்கிறீங்க?"

கிழமை நாள் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், மற்றக் குளிசைகளோடு!

கிளிசரில் ட்ரைநைட்ரேட் ஆவியாகிப் போகும் சாமான். பிளாஸ்டிக்கும் பஞ்சும் அதை உறிஞ்சிவிடும். குளிசை பார்வைக்கு அப்படியே இருக்கும், உள்ளே மருந்து குறைந்திருக்கும். இப்போது குளிசை வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, பஞ்சு வைக்காமல், மூடியை இறுக்கி வைக்கிறோம். திறந்த திகதியை ஒட்டி, 8 கிழமையில் மாற்றுகிறோம். குளிசை பழையபடி கேட்கிறது, தலையிடியும் வருகிறது.

குளிசை வைத்து 5 நிமிடத்தில் வலி விடாவிட்டால் போத்தலை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.