பைலட் கனவும் காதும்: செய்யக்கூடாத தவறுகள்

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்குப் பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் 'டப்'பென்று திறக்கும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாயின் வேலை அது. மேலே ஏறும்போது உள்ளிருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது குழாய் திறந்தால்தான் காற்று உள்ளே போகும். சளி பிடித்திருந்தால் லேசில் திறக்காது. வலி, சில நேரம் தலைசுற்றல். விமானம் தரையிறங்கும் நேரத்தில் பைலட்டுக்கு இப்படி ஆனால் என்னாகும்? அதனால்தான் பைலட்டுக்கான மருத்துவப் பரிசோதனையில், அதாவது மெடிக்கலில், காதை இவ்வளவு பார்க்கிறார்கள்.

முதல் தவறு, பயிற்சிப் பள்ளியில் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு அப்புறம் மெடிக்கலுக்குப் போவது. சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான கமர்ஷியல் லைசென்ஸுக்கு, மெடிக்கலில் கிளாஸ் 1 என்ற தகுதி வேண்டும். அதை முடித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

பைலட் கனவிலிருக்கும் என் அக்கா மகனுக்குத் திருமங்கலத்தில் சின்ன வயதில் காதில் சீழ் வடியும். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார்கள், ஊக்கால் குடைந்தார்கள். இரண்டுமே கூடாது. பிறகு மதுரையில் காது டாக்டர் கேமராவை விட்டுக் காட்டினார். சாம்பல் நிறத்தில் பளபளக்கும் செவிப்பறை, அதன் கீழ்ப்பக்கம் கடுகளவு ஓட்டை. "சொல்லாம விட்டா என்ன மாமா?" என்றான். பயம்தான், புரிகிறது. ஆனால் பரிசோதகரும் அதே செவிப்பறையைத்தான் பார்க்கப் போகிறார். மறைத்தது தெரிந்தால் ஓட்டையைவிட அதுதான் பெரிய சிக்கல். காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையை அடைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. நன்றாக ஆறி, கேட்கும் திறனும் சரியாக இருந்தால் வழி திறக்கும். ஆறுவதற்குள் அவசரப்பட்டு மெடிக்கலுக்குத் தேதி வாங்காதீர்கள்.

கொஞ்சம் காது மந்தம் என்றதுமே கனவை விட்டுவிடுவதும் தவறுதான். சர்வதேச அளவுகோல்படி, ஒவ்வொரு காதிலும் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் (ஒலியின் சுருதியைக் குறிக்கும் அளவு) கேட்கும் திறன் இழப்பு 35 டெசிபலையும் (சத்தத்தின் அளவு), 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலையும் தாண்டக்கூடாது. அதாவது லேசான குறைக்கு இடம் உண்டு.

டெஸ்டுக்கு முந்தைய நாள் திருவிழா ஸ்பீக்கர் பக்கம் நிற்காதீர்கள். அதிக சத்தம் கேட்கும் திறனைத் தற்காலிகமாகக் குறைத்துவிடும். குறும்பி இருந்தால் சில நாள் முன்பே டாக்டரிடம் எடுத்துவிடுங்கள். சளி இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். காதில் ஆபரேஷன் செய்திருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள்.