அலைச்சறுக்கு வீராங்கனையின் கதை: திரைக்கதை சறுக்கும் இடங்கள்

விளையாட்டுப் படம் என்றதும் நம் கை தானாகவே ஓர் அச்சை எடுத்துக்கொள்ளும். திறமை உள்ள பெண், தடுக்கும் அப்பா, கண்டுபிடிக்கும் கோச், இடைவேளையில் ஓர் அடி, பயிற்சிக்கு ஒரு பாட்டு, கடைசி இருபது நிமிடம் போட்டி. கபடிக்கும் குத்துச்சண்டைக்கும் இது பொருந்தும். அங்கே எதிராளி முகத்துக்கு நேரே நிற்கிறாள். அலைச்சறுக்கில் இருவரும் ஒரே பக்கம் திரும்பி, கடலைப் பார்த்தபடி பலகையில் உட்கார்ந்திருப்பார்கள். ‘ஹீட்’ எனப்படும் அரை மணி நேரப் போட்டிச் சுற்றில் ஒருத்தி அலைமேல் நிற்கிற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஓரிரு நிமிடம் தேறலாம். மீதியெல்லாம் கையால் நீரை வலித்துப் போவதும் காத்திருப்பதும்தான். அந்தக் காத்திருப்பைச் ‘சலிப்பு’ என்று வெட்டிவிட்டு, சறுக்கும் காட்சிகளை மட்டும் கோக்கிற திரைக்கதைதான் முதலில் மூழ்கும்.

ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்திலேயே நடந்து முடிந்தது. சென்னையை அடுத்த கோவளத்தில் சர்ஃப் பலகை இப்போது யாருக்கும் அதிசயப் பொருள் இல்லை. ஆகவே இந்த ஒன்லைனை எழுத உட்காருகிறவர்கள் வழக்கமாக எங்கே வழுக்குவார்கள் என்று பார்த்துவிடலாம்.

மதிப்பெண் கணக்கை மறைத்துவிடுவது

‘ரசிகனுக்கு விதி புரியாது, விட்டுவிடலாம்’ என்பார்கள். பெரிய தவறு. விதி புரியாத கிளைமாக்ஸில் மிஞ்சுவது தண்ணீரும் பின்னணி இசையும்தான். சொல்ல வேண்டியதும் மிகக் கொஞ்சம். ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு மதிப்பெண். ஐந்து நடுவர்கள் போடுவதில் கூடியதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு மூன்றின் சராசரி. எத்தனை அலை ஏறினாலும் சிறந்த இரண்டு மட்டுமே கணக்கு; ஆக மொத்தம் இருபதுக்கு. முன்னுரிமை யாரிடம் இருக்கிறதோ அவளுக்கே அலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அவள் ஒரு அலையில் ஏறினாலோ, ஏறப் போய்த் தவறவிட்டாலோ உரிமை மற்றவளுக்குப் போய்விடும். முன்னுரிமை உள்ளவளின் அலையில் குறுக்கே வந்தால் தண்டனை. இரண்டாவது சிறந்த மதிப்பெண் பாதியாகலாம்.

இவ்வளவையும் முதல் அரை மணிக்குள், ஏதாவது ஒரு சில்லறைப் போட்டியில், விளையாட்டு தெரியாத ஒரு தம்பி கேட்க அக்கா பதில் சொல்வதாக வைத்துவிடுங்கள். கிளைமாக்ஸில் வர்ணனையாளர் வாயில் திணித்தால் அது பாடம் நடத்துவது போலாகிவிடும்.

விதி தெரிந்துவிட்டால் காட்சி எப்படி இறுகுகிறது பாருங்கள். நாயகியின் இரண்டு அலைகள் 5.20, 4.30. மொத்தம் 9.50. எதிராளிக்கு 6.50, 4.80. மொத்தம் 11.30. நான்கு நிமிடம் பாக்கி. நாயகிக்கு 6.10-க்கு மேல் ஒரு அலை வேண்டும், முன்னுரிமை அவளிடம். தொலைவில் அலைக்கூட்டம் தெரிகிறது. முதல் அலை வருகிறது: சுமாரானது, நாலரைக்கு மேல் தேறாது. கரையில் எல்லோரும் ‘போ, போ’ என்று கத்துகிறார்கள். அவள் பலகையின் மூக்கை லேசாகத் தூக்கி, கால்களால் நீரைத் துழாவி, விட்டுவிடுகிறாள். அதை எதிராளி பிடிக்கிறாள். 5.30. இப்போது எதிராளியின் மொத்தம் 11.80. நாயகிக்குத் தேவை 6.60-க்கு மேல். விட்டது வினையாகிவிட்டது. இரண்டாவது அலை அவளை நோக்கி எழும்புகிறது.

இதுவரை அவள் எழுந்து நிற்கக்கூட இல்லை. ஆனாலும் காட்சி ஓடுகிறது. எந்த அலையை விடுகிறாள் என்பதில்தான் அவள் குணம் தெரியும். முதல் பாதியில் வந்ததையெல்லாம் பிடிக்கிற அவசரக்காரியாக அவளை எழுதியிருந்தால், இந்த ஒரு ‘விடுதல்’ இரண்டு மணி நேர மாற்றத்தையும் வசனமில்லாமல் சொல்லிவிடும்.

2024 ஒலிம்பிக் பெண்கள் இறுதிப் போட்டி, தஹிட்டித் தீவின் தேஹுபோவில், இந்தக் கணக்குப்படிதான் முடிந்தது. அமெரிக்காவின் கரோலின் மார்க்ஸ் 10.50, பிரேசிலின் தத்தியானா வெஸ்டன்-வெப் 10.33. கடைசி அலையில் தத்தியானாவுக்குத் தேவைப்பட்டது 4.68, கிடைத்தது 4.50. நடுவர் மதிப்பெண் உடனே வராது என்பதையும் கவனியுங்கள். ஹாரன் ஊதுவதற்குள் கை பலகை விளிம்பை விட்டு எழத் தொடங்கியிருந்தால் அந்த அலை செல்லும். ஆட்டம் முடிந்த பிறகும் முடிவு தெரியாமல் நீந்திக் கரைக்கு வருகிற நேரம் இந்த விளையாட்டிலேயே இருக்கிறது. அதை வீணாக்கிவிட்டு, செயற்கையாக ஸ்லோ மோஷனில் இழுப்பானேன்?

துயரத்தை அடுக்குவது

அப்பாவைக் கடல் கொண்டுபோனது, சுறா கடித்தது, தோழி மூழ்கியது என மூன்றையும் ஒரே நாயகி தலையில் ஏற்றுகிறார்கள். ஒன்று போதும். அந்த ஒன்றும் உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். 2002-இல் வந்த ‘ப்ளூ க்ரஷ்’ படத்தில் நாயகிக்கு இருக்கும் பயம் ‘கடல் பயம்’ என்று பொதுப்படையானதன்று. ஹவாயில் பைப்லைன் என்கிற அலையில், பவளப் பாறையில் தலை மோதி மூழ்கப் பார்த்தவள் அவள். அதனால் அலை செங்குத்தாக எழும் அந்தக் கணத்தில் தயங்குகிறாள். பயம் எந்த நொடியில் வரும் என்று பார்வையாளருக்குத் தெரியும். கடைசியில் அவள் போட்டியை வெல்வதில்லை. அந்தத் தயக்கத்தைத் தாண்டி ஒரு முழுப் பத்து எடுக்கிறாள். படம் முதலிலேயே எழுப்பிய கேள்விக்கு அதுதான் பதில் என்பதால் கோப்பை போனது குறையாகத் தெரிவதில்லை.

உண்மைச் சம்பவத்தை எடுத்தால் வேறொரு சிக்கல். ஹவாய் அலைச்சறுக்கு வீராங்கனை பெத்தனி ஹாமில்டனைச் சுறா தாக்கி இடது கை போனது 2003 அக்டோபர் 31-இல். அவருக்கு அப்போது 13 வயது. ஒரு மாதம் முடிவதற்குள் மறுபடி பலகை ஏறினார். இத்தகைய கதையில் தாக்குதலை இடைவேளைக்குத் தள்ளினால் முதல் பாதி முழுக்க ரசிகன் சுறாவுக்காகக் காத்துக்கொண்டிருப்பான். முன்னாலேயே முடித்துவிட வேண்டும். ஒரு கையால் எப்படி வலிப்பது, வரும் அலைக்கு அடியில் பலகையை எப்படி அமுக்குவது என்பதில்தான் கதை கிடக்கிறது. அவருடைய அப்பா பலகையில் ஒரு கைப்பிடி பொருத்திக் கொடுத்தார். பத்துப் பக்க உற்சாக வசனத்துக்கு அந்தக் கைப்பிடி ஈடு.

நம் கரையில் எழுதுகிறவர்கள் சுறாவை மறந்துவிடலாம். இங்கே நிஜ ஆபத்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம், தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கற்கள், சொந்தப் பலகையின் அடித்தகடு. தூண்டில் வளைவை ஒட்டி வெளியே இழுக்கும் ஓட்டம் குளிக்க வந்தவரைக் கொல்லும். அதே ஓட்டத்தில் பலகையைப் போட்டுச் சறுக்குக்காரர் மூச்சு வாங்காமல் அலைக்குப் பின்னால் போய்விடுவார். கடலை அறிந்தவள் இவள் என்று நிறுவ இந்த ஒரு காட்சி போதும். நீரடியில் மாட்டிக்கொள்ளும் காட்சியை ஒரு நிமிடத்துக்கு இழுக்காதீர்கள். சாதாரண அலையில் பத்து விநாடியே நீளம். அடுத்த அலையும் மேலே விழுந்தால்தான் உயிர் பயம்.

பாட்டு முடிவதற்குள் சாம்பியன் ஆக்குவது

கற்றுக்கொள்ளும் படிகள் இவை: எட்டு, ஒன்பதடி மென்பலகையில் உடைந்த நுரையலை, படுத்த நிலையிலிருந்து ஒரே துள்ளலில் எழுவது, உடையாத பச்சை அலையைப் பிடிப்பது, அலை முகத்தில் திரும்புவது, சின்னப் பலகைக்கு மாறுவது, அலைக்கடியில் முங்கி வெளியே போவது. தடித்த மென்பலகையை அலைக்கடியில் அமுக்க முடியாது. இந்த இடத்தில் நிறையத் திரைக்கதைகள் உளறும். தேசிய அளவுக்கு வர ஆண்டுகள் ஆகும். எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கற்றுக்கொள்ளும் கதையென்றால், முதன்முதலாக ஒரு பச்சை அலையைக் கரைவரை ஓட்டுவதே கிளைமாக்ஸ் ஆகட்டும். போட்டிக் கதையென்றால், படம் தொடங்கும்போதே அவளுக்குச் சறுக்கத் தெரிந்திருக்கட்டும்.

அப்பாவை வில்லனாக்குவது

‘பொம்பளப் புள்ளைக்குக் கடல்ல என்ன வேலை’ என்று ஒரே வசனத்தை மூன்று இடத்தில் சொல்லும் அப்பா கதையை நகர்த்த மாட்டார். எதிர்ப்பைக் கடிகாரத்தில் வையுங்கள். கோடையில் கடற்காற்று ஏறுமுன், காலையில்தான் அலை முகம் வழவழப்பாக நிற்கும். ஆறிலிருந்து ஒன்பது. படகு கரையேறி மீன் ஏலம் போவதும், அம்மாவுக்குக் கூடை தூக்க ஆள் வேண்டியதும், பள்ளிக்கூடப் பஸ் வருவதும் அதே நேரம்தான். யாரும் கெட்டவர்கள் இல்லை, நேரம்தான் போதவில்லை. ‘வெயில்ல கருத்துப்போயிட்டா எவன் கட்டுவான்’ என்று சொல்கிற அத்தையும் பாசத்தில்தான் சொல்கிறாள்.

இலங்கையின் அறுகம் குடாவில் பெண்களுக்கென்றே ஒரு சர்ஃப் கிளப் தொடங்கியது 2018-இல்தான். ஆண்கள் அதற்கு முன்பு பல ஆண்டுகளாக அங்கே சறுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த இடைவெளிக்குப் பின்னால் இருப்பது ஒரு வில்லன் இல்லை, நூறு சின்னக் காரணங்கள்.

போட்டி உலகத்திலும் தடை உண்டு, அதைப் பெரும்பாலானோர் தொடுவதேயில்லை. நல்ல அலை ஆண்கள் ஹீட்டுக்கு, காற்று கெட்ட பிறகு பெண்கள் என்பது நீண்ட காலப் புகார். உலக சர்ஃப் லீக் ஆண் பெண் இருவருக்கும் சமப் பரிசுத் தொகை தந்தது 2019 பருவத்திலிருந்துதான். அந்த லீக்கின் சாம்பியன்ஷிப் சுற்றில் பைப்லைனில் பெண்களுக்கென முழுப் போட்டி நடந்தது 2022-இல். ‘ப்ளூ க்ரஷ்’ வெளிவந்து இருபது ஆண்டு கழித்து. போட்டி அட்டவணையே எதிராளியாக நிற்கும் ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். ‘உங்க ஹீட் மத்தியானம்’ என்று அறிவிப்பாளர் சொல்வதில் எல்லாம் இருக்கிறது.

கோச்சும் காதலனும்

அலைக்குப் பின்னால் இருப்பவளுக்குக் கரையிலிருந்து கத்துவது பெரும்பாலும் கேட்காது. சைகைதான். ஆகவே கிளைமாக்ஸில் கோச்சின் உணர்ச்சி உரை வேண்டாம்; சொல்ல வேண்டியதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். காதலன் வரலாம், ஆனால் அவன் வருகை அவளுடைய பயத்துக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்க வேண்டும். பயிற்சிக்குப் போகாமல் இருக்க அவன் ஒரு நல்ல சாக்கு என்றால் அந்தக் காதல் கதைக்குள் இருக்கிறது. பாட்டுக்காக வந்தவன் என்றால் தனியே துருத்தும். கேமரா அவள் உடம்பைச் சுற்றுவதற்கும் இதுவே அளவுகோல்: தோளும் முதுகும் உழைப்பைக் காட்டும்போது பாருங்கள்.

கடலைக் கேட்காமல் எழுதுவது

‘பனை உயர அலை’ என்று பவுண்ட் ஸ்கிரிப்ட்டில் (முழுமையாக எழுதி முடித்த திரைக்கதை) எழுதிவிட்டால் அலை வந்துவிடாது. முக்கியமான காட்சி ஒவ்வொன்றுக்கும் மூன்று கடல் எழுதி வையுங்கள்: நல்ல அலை, காற்றில் கலைந்த அலை, அசைவில்லாத தட்டைக் கடல். தட்டைக் கடல் இலவச நாடகம். போட்டிகளுக்கே காத்திருப்பு நாட்கள் உண்டு. காலையில் கடலைப் பார்த்து ‘இன்று இல்லை’ என்று அறிவிப்பார்கள். துணிந்து வந்தவள் இன்னொரு ராத்திரி தூங்காமல் கிடப்பது எந்த மாண்டேஜையும் விட நன்றாக வேலை செய்யும்.

சீன் ஆர்டரில், அதாவது காட்சி வரிசைப் பட்டியலில், ஒவ்வொரு கடல் காட்சிக்கும் நான்கு குறிப்பு தேவை: நேரம், காற்று, அலை உயரம், அலை இடமா வலமா. பைப்லைன் இடப்பக்கம் உடையும் அலை. ஏறுகிற ஷாட்டில் இடமும் திரும்புகிற ஷாட்டில் வலமும் வந்தால், பலகை தொட்டவர் அத்தனை பேரும் தியேட்டரில் சிரிப்பார்கள். நடிகை எந்தக் காலை முன்வைக்கிறாள் என்பதைப் பயிற்சியின் முதல் நாளே குறித்து, டூப்பையும் அதே காலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவதுதான் வழி. அப்படியென்றால் அவள் பலகையிலும் ரேஷ் கார்டிலும் (சறுக்கும்போது போடும் இறுக்கமான மேலாடை) படப்பிடிப்பு நாளன்று எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. அலையின் இடமும் வலமும் மாறிவிடும் என்பதால், அருகில் எடுக்கும் ஷாட்டையும் அதற்கேற்பப் பிரித்து வைக்க வேண்டும்.