டாக்கோவும் முகமூடியும்: மெக்சிகோ சிட்டியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலையை நீங்களே திட்டமிடுவது எப்படி?

தோர்த்தியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் இறைச்சியோ காயோ வைத்துத் தரும் தெருவோர டாக்கோவையும், லூச்சா லிப்ரே எனப்படும் முகமூடி மல்யுத்தத்தையும் ஒரே மாலையில் சேர்த்துக் காட்டும் சுற்றுலாக்கள் மெக்சிகோ சிட்டியில் நிறைய உண்டு. வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார், சில கடைகளில் சாப்பிட வைப்பார், பிறகு அரங்குக்கு அழைத்துப் போவார். ஸ்பானிய மொழி சுத்தமாகத் தெரியாது, தனியாக வேறு போகிறீர்கள் என்றால் அதில் சேர்ந்துகொள்வது நல்லது. இரண்டு பேராகவோ குடும்பமாகவோ போகிறவர்கள் வழிகாட்டி இல்லாமலே போய் வரலாம். எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நிற்பது, எந்த வீரருக்காகக் கத்துவது என்பதெல்லாம் உங்கள் விருப்பமாக இருக்கும். இந்த மாலையின் சுகமே அதில்தான் இருக்கிறது.

படி 1: நாள் பாருங்கள்

போக வேண்டிய இடம் அரேனா மெஹிகோ. தொக்தோரெஸ் என்ற பகுதியில், தொக்தோர் லவிஸ்தா தெருவில் இருக்கிறது. அந்தப் பகுதியில் தெருக்களுக்கெல்லாம் மருத்துவர்கள் பெயர். 1956-இல் திறந்த இந்த அரங்கில் 16,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1968 ஒலிம்பிக் குத்துச்சண்டை நடந்ததும் இங்கேதான். இதை நடத்தும் சி.எம்.எல்.எல். என்ற மல்யுத்த நிறுவனத்தை சல்வதோர் லுத்தெரோத் 1933-இல் தொடங்கினார்.

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ஆகிய நாட்களில் ஆட்டம் உண்டு. முதல் தடவை என்றால் வெள்ளிக்கிழமையைப் பிடியுங்கள். பெரிய வீரர்கள் அன்றுதான் இறங்குவார்கள், கூட்டமும் அதிகம். வழக்கமாக இரவு எட்டரைக்குத் தொடங்கும். அந்த வாரத்து நேரத்தைப் போஸ்டரில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஞாயிறு மாலை ஆட்டம் வசதி.

படி 2: டிக்கெட்

இணையத்திலோ அரங்கின் கவுண்டரிலோ மட்டும் வாங்குங்கள். வாசலில் கூவிக் கூவி விற்பவர்களைக் கடந்து வந்துவிடுங்கள். மேடைக்கு ஒட்டிய முதல் வரிசைதான் வேண்டும் என்று பலர் அடம்பிடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கயிற்றுக்கு மேலே பறப்பவரையும், கீழே அவரைத் தாங்கப் போகிறவரையும் ஒரே பார்வையில் பார்க்கச் சில வரிசைகள் பின்னால் இருப்பதே நல்லது. இருக்கையைக் காட்டிக்கொடுப்பவருக்குக் கொஞ்சம் சில்லறை கொடுப்பது அங்கே வழக்கம்.

படி 3: எதைச் சாப்பிடுவீர்கள், எதைத் தொடமாட்டீர்கள்?

கடை முன்னால் நின்றுகொண்டு இதை யோசிக்க முடியாது. முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டாக்கோவுக்குள் வைக்கும் இறைச்சி வகைகளில் அல் பஸ்தோர், கர்னீத்தாஸ், சிச்சரோன், லொங்கனீசா எல்லாம் பன்றி. சுவதேரோ, பிஸ்தெக், லெங்குவா, கபேசா மாட்டிறைச்சி. மாடு சாப்பிடாதவர்களுக்கு அல் பஸ்தோர் இருக்கிறது. பன்றி சாப்பிடாதவர்கள் சுவதேரோ கேட்கலாம் என்று தோன்றும். ஆனால் பல கடைகளில் அதே கொழுப்பில்தான் லொங்கனீசாவும் வேகும். கண்டிப்பாக இருக்க விரும்புகிறவர்கள் சைவப் பக்கம் வந்துவிடுவதுதான் பாதுகாப்பு.

சைவர்களே, பட்டினி கிடக்க வேண்டியதில்லை. த்லகோயோ தேடுங்கள். நீல மக்காச்சோள மாவுக்குள் பீன்ஸோ, பாலாடைக்கட்டியோ வைத்துத் தட்டி, கல்லில் சுட்டு, மேலே நறுக்கிய கள்ளி மடலைப் போட்டுத் தருவார்கள். கள்ளியா என்று தயங்க வேண்டாம், லேசான புளிப்போடு நன்றாக இருக்கும். தோர்த்தியாவை மடித்துச் சுடும் கேசதியாவில் பூசணிப்பூ வைத்துக் கேளுங்கள். இந்த நகரத்தில் கேசதியா என்று மட்டும் சொன்னால் சீஸ் இல்லாமலும் வரலாம், அதனால் 'கோன் கேசோ' என்று சேர்த்துச் சொல்லுங்கள். 'சின் கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம். அதை மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ வந்து சேரலாம், ஆகவே 'நி போயோ, நி ஹமோன்' என்றும் சொல்லிவிடுங்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. 'தியெனே மந்தேகா?' என்று கேட்டால் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

படி 4: ஆறு மணிக்கு முதல் கடை

நகரின் பழைய மையத்தில், சால்தோ தெல் அகுவா மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அயுந்தமியெந்தோ தெருவில் எல் உவெகீத்தோ இருக்கிறது. 1959 முதல் அல் பஸ்தோர் விற்கும் கடை.

அல் பஸ்தோரின் கதை லெபனானில் தொடங்குகிறது. அங்கிருந்து குடியேறியவர்கள் செங்குத்துக் கம்பியில் சுழன்று வேகும் ஷவர்மாவைக் கொண்டுவந்தார்கள். இங்கே ஆட்டிறைச்சி போய்ப் பன்றி வந்தது, ரொட்டியின் இடத்தைச் சோளத் தோர்த்தியா பிடித்தது. காய்ந்த மிளகாயும் சிவப்பு அச்சியோத்தே விதையும் சேர்ந்த மசாலாவில் ஊறிய துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் குத்தி அடுக்குவார்கள். அந்தக் கோபுரத்துக்குத் திரோம்போ என்று பெயர். பல கடைகளில் அதன் உச்சியில் ஒரு அன்னாசி உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் இடது கையில் தோர்த்தியாவைப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கத்தியால் வெந்த ஓரத்தை மட்டும் சீவுவார். சீவியது நேராகத் தோர்த்தியாவில் விழும். பிறகு உச்சிக்கு ஒரு வெட்டு, அன்னாசிச் சில்லு பறந்து வந்து அதே கையில் இறங்கும். இதைப் பார்க்கவாவது திரோம்போவுக்கு முன்னால் இடம் பிடியுங்கள்.

கேட்கும் முறை எளிது. 'தோஸ் தெ பஸ்தோர், கோன் தோதோ' என்றால் பஸ்தோர் இரண்டு, வெங்காயமும் கொத்தமல்லியும் போட்டு. எலுமிச்சையும், சல்சா என்ற மிளகாய்ச் சட்னியும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பச்சை சல்சா சாது, சிவப்பு காரம் என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல கடைகளில் பச்சைதான் எரிக்கும். மிளகாய் நம் ஊருக்கே இந்தக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்ததுதான், ஆகவே காரம் நமக்குப் பழக்கம் என்ற தைரியத்தை ஒரு சொட்டில் சோதித்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

ஒரு கடையில் இரண்டே இரண்டு டாக்கோ, அதற்கு மேல் வேண்டாம். டாக்கோ உள்ளங்கை அளவுதான் என்பதால் ஐந்தாறு சட்டென்று உள்ளே போய்விடும். அப்புறம் அடுத்த கடையில் சும்மா நின்று பார்க்க வேண்டியதுதான். பணம் கடைசியில் கொடுத்தால் போதும். நடைபாதைக் கடைகளில் எத்தனை சாப்பிட்டீர்கள் என்று உங்களிடமே கேட்பார்கள், நீங்கள் சொல்லும் கணக்கை நம்புவார்கள். பெரும்பாலும் ரொக்கம்தான், சின்ன நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இரண்டாவது கடை

அடுத்து சுவதேரோ. இதற்கான தட்டு அகலமானது, நடுவில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேடு இருக்கும். சுற்றியுள்ள பள்ளத்தில் கொழுப்பு மெதுவாகக் கொதிக்க, மாட்டின் வயிற்றுப் பக்கத்து மெல்லிய இறைச்சி அதில் மணிக்கணக்கில் வேகும். தோர்த்தியாவைக் கொழுப்பில் ஒரு முக்கு முக்கி நடு மேட்டில் சுடுவார்கள். மரக்கட்டையில் இறைச்சியைக் கொத்தும் சத்தம் கொத்து பரோட்டாக் கடைச் சத்தம் போலவே இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு கடையைக் கண்டுபிடித்துவிடலாம்.

தோர்த்தியாவையும் தனியாக ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைத்த மாவு அது. அந்த மணம் சுண்ணாம்பினால் வருவது. சோளத்தின் சத்து உடம்பில் சேர்வதும் அதனால்தான். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கொண்டுபோய், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டதால் சோளமே உணவாக இருந்த ஊர்களில் சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பரவியது.

குடிக்க அகுவா தெ ஹமாய்க்கா வாங்குங்கள். புளிச்சகீரை இனத்துச் செடியின் சிவப்புப் புல்லி இதழ்களைக் கொதிக்க வைத்து, சர்க்கரை போட்டு ஆறவைத்தது. புளிக் கரைசலும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள்.

படி 6: அரங்குக்கு

வெள்ளிக்கிழமை மாலை சாலை நகரவே நகராது. மெட்ரோதான் சரி. சால்தோ தெல் அகுவாவில் முதல் வழித்தடத்தில் ஏறினால் பல்தெராஸ், அதற்கடுத்து குவவ்தேமோக். அங்கே இறங்கிச் சில நிமிடம் நடை. முன்பக்கப் பெட்டிகள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்.

எட்டு மணிக்கே வாசலுக்கு வந்துவிடுங்கள். தெரு முழுக்க முகமூடிக் கடைகள் இருக்கும். விளையாட்டுக்கு வாங்குவது மலிவு, வீரர்கள் அணியும் தரத்தில் தைத்தது விலை கூட. வாசலில் பையையும் உடம்பையும் சோதிப்பார்கள். பெரிய கேமராவுக்கு அனுமதி இல்லை, கைப்பேசி போதும். நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் குளிரும். மே முதல் அக்டோபர் வரை மாலை மழையும் சேரும். ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஆட்டத்தைப் படிப்பது

விதி தெரியாமல் உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் வெறும் குழப்பமாகத்தான் தெரியும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

வீரர்கள் இரண்டு வகை. டெக்னிகோ விதிப்படி ஆடுபவர், ரூடோ விதியை மீறுபவர். பெரும்பாலான ஆட்டங்கள் மூவர் எதிர் மூவர், மூன்று சுற்றில் இரண்டை வென்றவருக்கு வெற்றி. எதிர் அணித் தலைவரை மூன்று எண்ணும்வரை அமுக்கிவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. இல்லையென்றால் மற்ற இருவரையும் வீழ்த்த வேண்டும். ஒருவர் மேடையை விட்டு வெளியே விழுந்தால் அவருடைய கூட்டாளி கையைத் தொடாமலே உள்ளே வரலாம். ஆட்டம் இவ்வளவு வேகமாக ஓடுவது இந்த விதியால்தான். எதிராளியின் முகமூடியைப் பிடுங்கினாலும் இடுப்புக்குக் கீழே அடித்தாலும் தகுதிநீக்கம். தலைகீழாகப் பிடித்து உச்சந்தலையைத் தரையில் இடிக்கும் மர்த்தினேதேயும் தடை. ரூடோ எப்போது, எப்படி நடுவரின் கண்ணில் மண்ணைத் தூவுகிறார் என்று கவனியுங்கள். பாதி ஆட்டம் அதில் இருக்கிறது.

முடிவு முன்பே பேசிவைத்ததுதானே என்று கேட்பீர்கள். ஆம். ஆனால் கயிறுகளுக்கு நடுவே பாய்ந்து தலை முன்னே வெளியே விழும் தோபே சுயிசீதாவைப் பேசிவைத்துவிட்டால் மட்டும் வலிக்காமல் போகாது. அந்த உழைப்புக்குக் கூட்டம் மதிப்புக் கொடுக்கிறது. மிகச் சிறப்பாக ஆடினால் ஆட்டம் முடிந்ததும் மேடைமேல் காசை வீசுவார்கள்.

முகமூடியின் கனம் புரிய வேண்டுமானால் எல் சாந்தோவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ரொதோல்ஃபோ குஸ்மான் உவெர்த்தா என்ற அந்த வீரர் 1942 முதல் வெள்ளி முகமூடியில் ஆடினார். 1952-இல் பிளாக் ஷேடோவை வென்று அவருடைய முகமூடியைக் கழற்ற வைத்தார். தன்னுடையதை யாரிடமும் இழக்கவில்லை. 1984 ஜனவரியில் தொலைக்காட்சியில் முகத்தைக் கொஞ்சமாகக் காட்டினார், சில நாட்களில் இறந்துபோனார். முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். முகமூடியையே பந்தயமாக வைத்து ஆடும் ஆட்டத்தில் தோற்று அதை இழந்தவர் எல்லார் முன்னாலும் தன் இயற்பெயரைச் சொல்ல வேண்டும், பிறகு அந்த முகமூடியை அணியவே முடியாது.

இது மேடைக்கு வெளியிலும் போயிருக்கிறது. 1985 நிலநடுக்கத்துக்குப் பிறகு வீடிழந்தவர்களையும் வாடகைக்காரர்களையும் வீட்டைவிட்டு வெளியேற்ற வந்தபோது, சிவப்பு மஞ்சள் உடையில் சூப்பர்பார்ரியோ என்ற முகமூடிக்காரர் தெருவில் வந்து நின்றார். அவருக்கு எதிராளி வீட்டுக்காரர்கள்.

ஆகவே நீங்களும் ஒரு பக்கம் சேருங்கள். என் பரிந்துரை ரூடோ பக்கம். பக்கத்தில் இருக்கும் பாட்டி எழுந்து நின்று நடுவரைத் திட்டும்போது நீங்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தால் காசுக்குப் பாதிதான் பார்த்ததாக ஆகும். 'ரூடோஸ்! ரூடோஸ்!' என்று கத்த மொழி தெரிய வேண்டியதில்லை.

படி 8: திரும்புவது

ஆட்டம் முடியும்போது பத்தரையைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் தொக்தோரெஸ் பகுதியின் உள்தெருக்களில் நடக்க வேண்டாம். கூட்டத்தோடு பெரிய சாலை வரை வந்து செயலியில் வண்டி கூப்பிடுங்கள். இன்னும் வயிற்றில் இடமிருந்தால் எஹே சென்த்ரால் சாலையில் 1935 முதல் இருக்கும் எல் மோரோ கடைக்கு விடச் சொல்லலாம். சுருள் சுருளாகப் பொரித்த சுர்ரோவும் கெட்டி சாக்லேட்டும் அங்கே விசேஷம். எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டுப் போங்கள்.

சனிக்கிழமை மட்டும்தான் கையில் இருக்கிறதா? அரேனா கொலிசேயோ பாருங்கள். 1943-இல் திறந்த சின்ன அரங்கு, புனல் வடிவத்தில் இருக்கைகள் செங்குத்தாக ஏறும், மேடை மிக நெருக்கம். அந்த வட்டாரத்துக்கு மட்டும் போக வர இரண்டுக்கும் வண்டியே வைத்துக்கொள்ளுங்கள்.