முதுகு ஸ்கேனை வலியோடு சேர்த்துப் படிப்பது எப்படி

நாமக்கல்லில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். லாரி ஓட்டுகிறவர்கள், போர்வெல் போடும் ரிக் வண்டியில் போகிறவர்கள், லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். உட்காருவதற்கு முன்பே பெரிய ஸ்கேன் கவரை மேஜையில் வைத்து, "எல்-ஃபோர் எல்-ஃபைவ்ல ஜவ்வு விலகிடுச்சுங்க மேடம்" என்பார்கள். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கவரை ஓரமாக வைத்துவிட்டு, "வலி எங்கே இருக்குன்னு விரல் வெச்சுக் காட்டுங்கண்ணா" என்பேன். முதலில் உடம்பு, அப்புறம்தான் படம். நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள்.

வலி வந்த முதல் வாரத்திலேயே ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. 2009இல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 6 ஆய்வுகளில் இருந்த சுமார் 1,800 பேரைச் சேர்த்துப் பார்த்தது. ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு உடனே படம் எடுத்ததால் வலி கூடுதலாகக் குறையவில்லை. ஆறு வாரம் மருந்தும் பயிற்சியும் எடுத்தும் குறையவில்லை, ஊசியோ ஆபரேஷனோ யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால் அப்போது எடுக்கலாம்.

ஆனால் சிலருக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொள்கிறது அல்லது தெரியாமலே போகிறது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போகிறது, கால் வலுவிழந்துகொண்டே வருகிறது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய் வந்தது, கீழே விழுந்தது, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முதுகெலும்பில் காசநோய் வருவது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதை வெறும் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்து மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வும் நரம்பும் தெரியாது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்தால் எலும்பு முன்னால் நழுவுகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். எலும்பு முறிவுக்கு சிடி நல்லது, ஆனால் கதிர்வீச்சு உண்டு. ஜவ்வு, நரம்பு, கிருமித்தொற்று ஆகியவற்றுக்கு எம்ஆர்ஐதான். அதில் கதிர்வீச்சு இல்லை, காந்தம்தான். அதனால் மெட்டி, அரைஞாண் கொடி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பேஸ்மேக்கர், உடம்புக்குள் வைத்த கிளிப் இருந்தால் முன்பே சொல்லுங்கள். பட்டறையில் கிரைண்டிங், வெல்டிங் செய்கிறவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் பாய்ந்ததா? காந்தத்துக்குள் அது நகர்ந்தால் கண்ணே போய்விடலாம்.

சரி, ரிப்போர்ட் வந்துவிட்டது. 'டீஜெனரேஷன்' என்றால் தேய்மானம், 'பல்ஜ்' என்றால் புடைப்பு, 'டெசிகேஷன்' என்றால் ஜவ்வில் நீர் வற்றியிருக்கிறது. படங்களில் முதுகுத்தண்டுத் திரவம் வெள்ளையாகத் தெரியும் வரிசையைப் பாருங்கள். அதில் நல்ல ஜவ்வின் நடுப்பகுதி வெளுப்பாக இருக்கும், வற்றியது கருத்திருக்கும். கருப்பைப் பார்த்ததும் பயப்படாதீர்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. நாற்பது வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்குத் தேய்மானம், 50 சதவீதம் பேருக்குப் புடைப்பு. ஒருவருக்கும் வலி கிடையாது!

அதனால் ரிப்போர்ட்டில் இருப்பது உங்கள் வலியோடு பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு லாரி டிரைவர் அண்ணன் வந்தார். அவர் ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் புடைப்பு. அவர் பயந்தது எல்-ஃபோர் எல்-ஃபைவ் வரியைப் படித்து. வலியோ வலது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கச் சொன்னேன். இடது கால் இருபது முறை எழுந்தது. வலது கால் மூன்றாவது தடவையிலேயே நடுங்கி இறங்கிவிட்டது. அது எஸ்-ஒன் நரம்பின் வேலை. எஸ்-ஒன் என்பது எல்-ஃபைவுக்கு அடுத்துக் கீழே இருக்கும் எலும்பு. அதை நசுக்கும் இடம் பெரும்பாலும் எல்-ஃபைவ் எஸ்-ஒன் ஜவ்வு. ரிப்போர்ட்டில் கீழே, வலது பக்கம் என்று அதுவும் இருந்தது. மற்ற இரண்டு வரிகளையும் மறந்துவிடச் சொன்னேன். கால் கட்டைவிரலை மேலே தூக்க முடியாமல் இருந்திருந்தால் எல்-ஃபைவ் நரம்பைச் சந்தேகித்திருப்பேன். ரிப்போர்ட்டில் இடது, வலியோ வலது என்றால் அந்த வரியை நம்பி ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசி போடும்போதும் படம்தான் வழிகாட்டுகிறது. சி-ஆர்ம் என்ற, படத்தைத் திரையில் ஓடவிட்டுக் காட்டும் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஊசியை நரம்பு வெளியேறும் துளைக்குக் கொண்டுபோய், சாய மருந்து பரவுவதைப் பார்த்த பிறகுதான் ஸ்டீராய்டு செலுத்துவார்கள். காலுக்கு இறங்கும் வலிக்கு இது சில வாரங்கள் நிம்மதி தரும், அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். முதுகின் சிறு மூட்டுகளில் சந்தேகம் இருந்தால் முதலில் மரக்கும் மருந்தை மட்டும் போட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் வலி நின்றால்தான் அந்த மூட்டின் வலியைக் கடத்தும் நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்வது பற்றிப் பேச்சே. அந்த நாளில் மணிக்கு ஒரு தரம் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதிவையுங்கள். டாக்டருக்கு அந்தத் தாள் மிகவும் தேவைப்படும்.

வலி குறைந்துவருகிறது என்றால் மறுபடி ஸ்கேன் வேண்டாம். வெளியே வந்த ஜவ்வு பலருக்கு மாதங்களில் தானாகவே சுருங்கிவிடும். அந்த அண்ணனுக்கும் இரண்டாவது எம்ஆர்ஐ எடுக்கவில்லை. வாரம் ஒருமுறை சுவரைப் பிடித்து நிற்பார், நான் எண்ணுவேன். கடைசியாக வந்தபோது வலது கால் பதினாறு.