வீட்டில் ஹாலோவீன்: சின்னப் பிள்ளைகளோடு கொண்டாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் 31 அன்று வேஷம் போட்டு, பரங்கிக்காயைக் குடைந்து முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்துக் கொண்டாடுவதுதான் ஹாலோவீன். அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்டோபர் பிறந்ததுமே கடை வாசல்களில் பரங்கிக்காய் குவிந்துவிடும். பார்த்த உற்சாகத்தில் முதல் வாரமே வாங்கிக் குடைந்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. குடைந்த காய் ஒரு வாரம் தாங்கினாலே அதிகம். வெயில் அடித்தால் நாலைந்து நாளில் உள்ளே பூஞ்சை பிடித்து, வாய் உள்வாங்கி, பொக்கைவாய்க் கிழவனாகிவிடும். முழுக்காயை எப்போது வேண்டுமானாலும் வாங்கி வாசலில் வையுங்கள். கத்தி வைப்பதை மட்டும் 28, 29ஆம் தேதி வரை தள்ளிப்போடுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். அது ஒடிந்தால் அந்த இடத்திலிருந்துதான் அழுகத் தொடங்கும்.

சமையலறைக் கத்தியும் வேண்டாம். தடித்த தோலில் மாட்டிக்கொள்ளும், வெடுக்கென்று இழுத்தால் விரலைப் பதம் பார்க்கும். இதற்கென்றே விற்கிற சின்ன ரம்பம் பாதுகாப்பானது. அதையும் பெரியவர்தான் பிடிக்க வேண்டும். மூடியை உள்பக்கம் சாய்த்து வெட்டினால் காய்க்குள் விழாது. பிள்ளைக்கு வேறு வேலை இருக்கிறது: மார்க்கரால் கண்ணும் பல்லும் வரைவது, மூடி திறந்ததும் கையை விட்டு நாரும் விதையுமாக அள்ளிப் போடுவது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு உண்மையான கொண்டாட்டமே அந்த வழவழப்புதான். தொடமாட்டேன் என்று ஓடுகிற பிள்ளையிடம் கரண்டியைக் கொடுங்கள்.

குடைந்தெடுத்த சதையைப் பார்த்ததும் கூட்டு வைக்கலாமே என்று கை பரபரக்கும். அந்தப் பெரிய காய் அலங்காரத்துக்கென்று வளர்த்தது. நீர்த்துப்போய், நார் நாராக, ருசியே இருக்காது. விதையை வீணாக்க வேண்டாம். கழுவித் துடைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஓவனில் வறுத்தால் பெரியவர்களுக்கு நல்ல கொறிப்பு. நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பாப்கார்ன், முழு வேர்க்கடலை, கெட்டி மிட்டாய் எல்லாமே அந்தக் கணக்குதான்.

2024இல் தீபாவளியே அக்டோபர் 31 அன்று வந்தது. அகல்விளக்கும் பரங்கி விளக்கும் ஒரே வாசலில். தொங்கும் வேஷத்துணியோடு ஓடுகிற பிள்ளைக்கு இரண்டுமே ஆபத்துதான். அதனால்தான் பலர் எல்.ஈ.டி. விளக்குக்கு மாறுகிறார்கள். அங்கேதான் யாரும் கவனிக்காத தவறு நடக்கிறது. அந்தக் குட்டி விளக்கின் அடியில் இருப்பது பட்டன் பேட்டரி. பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். இத்தகைய பேட்டரி மூடிகள் பிள்ளைகளால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2022இல் சட்டமே வந்தது. போன வருட டப்பாவில் கிடக்கிற பழைய விளக்குகள்தான் கவலை. நகத்தால் நெம்பினாலே மூடி திறந்துகொண்டால் குப்பையில் போடுங்கள், பேட்டரியைத் தனியே எடுத்துவிட்டு. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

மிரட்டலுக்காக உலர் பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு) வைத்துப் புகை விடுவதை மறந்துவிடுங்கள். மைனஸ் 78 டிகிரி செல்சியஸ், தொட்டால் தோல் வெந்துபோகும்.

அலங்காரத்துக்கு இலை பொறுக்கப் போகும்போது, ஒரு காம்பில் மூன்று இலையாக, பளிச்சென்று சிவந்திருப்பதைத் தொட விடாதீர்கள். பாய்ஸன் ஐவி என்கிற நச்சுக்கொடி இலையுதிர்காலத்தில் அத்தனை அழகாகச் சிவக்கும், பட்டால் கொப்புளமும் அரிப்பும். ஓக் மரக்கொட்டைகளை அப்படியே ஜாடியில் போட்டு வைப்பது இன்னொரு தவறு. சில நாளில் உள்ளிருந்து வெள்ளைப் புழு துளைத்துக்கொண்டு வெளியே வரும். 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் வைத்து, ஆறியதும் அலங்காரத்துக்குக் கொடுங்கள். இலை அச்சு எடுக்க, நரம்பு புடைத்த அடிப்பக்கத்தை மேலே பார்க்க வைத்து, காகிதத்தை மூடி, உறை உரித்த கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். நுனியால் கிறுக்கினால் காகிதம்தான் கிழியும். சருகாகிவிட்ட இலை நொறுங்கிவிடும், அன்று விழுந்ததாகப் பாருங்கள்.

கடைசியாக முகமூடி. இரண்டு மூன்று வயதில் முகமூடிக்குள் இருப்பது அப்பா என்று சொன்னாலும் மனசு நம்பாது. ஒளிந்திருந்து பயமுறுத்தி, அழுவதை வீடியோ எடுப்பது வேடிக்கை அல்ல. அவர்கள் கண்ணெதிரே போட்டு, கழற்றி, கையில் கொடுத்துப் பார்க்கவிடுங்கள். பிள்ளைக்கே மாட்டினால் பக்கப்பார்வை மறைந்து படியில் தடுக்கும்; முகத்தில் சாயம் பூசுவது தேவலை. அதையும் முந்தின நாளே முழங்கைப் பக்கம் கொஞ்சம் தடவி, சிவக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.