கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய எம்ஜிபி பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைத் தயார்செய்ய

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்ட ஈரத்தில் பல வருடம் நின்ற எம்ஜிபியை எடுத்தவுடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, மறுநாள் இன்ஜினைக் கையால் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் துருப்பிடித்த பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். பழைய பெட்ரோலை முழுதாக வடியுங்கள். பிசினாகி பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் அடைக்கும்.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பின்சக்கர சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். பெடலை விட்ட பிறகும் சக்கரம் பிடித்தே இருந்தால் பெரும்பாலும் அந்த ஹோஸ்தான் காரணம். மூன்று ஹோஸையும் மாற்றி, டாட் 4 தரப் பிரேக் ஆயில் ஊற்றி, பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியே எடுங்கள்.

நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போதுதான் ரேடியேட்டர் கொதிக்கும். ஃபேன் பெல்ட்டை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும். சாலை வரி, காப்புறுதி தேதியையும் முன்கூட்டியே பாருங்கள்.