அப்டேட் போட்டதும் சர்வர் எழவில்லையா? முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

வேலூர் வட்டாரத்தில் வீட்டு சர்வர் என்றால் பெரும்பாலும் ஏதோ ஆபீசில் கழித்துக்கட்டிய செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்தான். மாடிப்படிக்கு அடியிலோ ஷோகேஸ் மேலேயோ உட்கார்ந்திருக்கும். உள்ளே உபுண்டு அல்லது டெபியன் என்ற லினக்ஸ். குடும்பப் படங்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், சினிமாவுக்கு ஜெல்லிஃபின், விளம்பரத்தைத் தடுக்கப் பை-ஹோல். மானிட்டரும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. மாதக்கணக்கில் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நாள் அப்டேட் போட்டு ரீபூட் கொடுத்ததும் திரும்பி வராது. இந்தக் கட்டத்தில் டேட்டா பெரும்பாலும் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். அடுத்த ஒரு மணி நேரத்தில் பதற்றத்தில் நாம் செய்கிற காரியங்கள்தான் அதற்கு உலை வைக்கும்.

எல்லோரும் செய்கிற முதல் தவறு, எடுத்த எடுப்பில் அப்டேட்டின் மேல் பழியைப் போடுவது. பல நேரம் இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அப்டேட் கெடுத்தது ஒன்றும் இருக்காது. அதன் சாக்கில் நாம் கொடுத்த ரீபூட், ரொம்ப நாளாக உள்ளே ஒளிந்திருந்த கோளாறை வெளியே கொண்டுவந்திருக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் ஏதோ ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் போட்ட பிழையான வரி, அடுத்த ரீபூட் வரைக்கும் வாயைத் திறக்காது. சுற்றிக்கொண்டே இருந்த பழைய ஹார்டு டிஸ்க், ஒருமுறை நின்றால் மறுபடி சுற்ற அடம்பிடிக்கும். அப்புறம் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032. பழைய மெஷின்களில் அது தீர்ந்தே போயிருக்கும். கரன்ட் இருக்கும்வரை தெரியாது. அப்டேட் முடிந்த கையோடு அணைத்து, பிளக்கைப் பிடுங்கித் தூசு தட்டி மறுபடி மாட்டினீர்கள் என்றால், மெஷினை முதலில் எழுப்பிவிடும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். தேதி பல வருடம் பின்னால் போகும், எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆவது என்ற வரிசை மாறும். சில மெஷின்கள் 'கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும்' என்று எழுதிவிட்டுச் சும்மா நிற்கும். திரை இல்லாத வீட்டில் இதை யார் பார்ப்பது? பெட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரியை மாற்றினால் தீர்கிற விஷயத்துக்கு உபுண்டுவைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது தவறு, திரையைப் பார்க்காமலேயே 'செத்துப் போச்சு' என்று முடிவுகட்டுவது. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக சர்வருக்குள் நுழையும் வழி) போகவில்லை என்றால் சர்வர் பூட் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. ரவுட்டர் வேறு ஐபி கொடுத்திருக்கலாம். சிஸ்டத்தின் மையமான கெர்னல் மாறியதாலோ புதிதாக ஒரு கார்டு மாட்டியதாலோ நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கலாம். பழைய பெயருக்கு எழுதிய செட்டிங்ஸ் வேலைசெய்யாமல் போகும். சர்வர் உள்ளே ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும், வெளியே வர வழிதான் இருக்காது. மானிட்டர் இல்லையென்றால் ஹால் டிவி போதும். சில பழைய மெஷின்களில் டிவிக்கு ஒத்துவராத டிஸ்ப்ளே போர்ட்தான் இருக்கும், அதற்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கி முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

திரை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கம்பெனி லோகோவிலேயே நின்றால் பயாஸ் அல்லது ஹார்டுவேர். 'கிரப்' என்ற சொல்லோடு கறுப்புத் திரை நின்றால் பூட்லோடர், அதாவது கெர்னலைக் கிளப்பிவிடும் புரோகிராம். 'கெர்னல் பேனிக்' என்று வந்து ரூட் டிஸ்க்கை (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) ஏற்ற முடியவில்லை என்றால், பெரும்பாலும் கெர்னலோடு வரவேண்டிய, அந்த டிஸ்க்கை ஏற்ற உதவும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கிறது. 'எமர்ஜென்சி மோட்' என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது சிஸ்டத்தில் ஏறவில்லை. லாகின் கேட்டால் பூட்டில் கோளாறே இல்லை, நெட்வொர்க்கைப் பாருங்கள். எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ரீபூட்டில் அந்த வரிகள் போய்விடும்.

இந்த எமர்ஜென்சி மோட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்ததில் அதிகம் பேரை மிரட்டுவது இதுதான். குடியாத்தத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் முகூர்த்த சீசனில் போன் செய்தார். கல்யாணப் படங்கள் மொத்தமும் அந்த சர்வரில்.

"அண்ணா, அப்டேட் போட்டேன், சர்வர் போயிடுச்சு. புதுசா இன்ஸ்டால் பண்ணிடட்டுமா?"

"ஒண்ணும் பண்ணாதப்பா. முதல்ல டிவியில கேபிளை மாட்டு. கடைசி நாலு வரி என்ன இருக்குன்னு அப்படியே படி."

படித்தார். ஒன்றரை நிமிடம் ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு, வரவில்லை என்று எமர்ஜென்சி மோடுக்குப் போயிருந்தது. அந்த டிஸ்க் யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிஸ்க். அது எங்கே என்று கேட்டேன். பேரணாம்பட்டில் ஒரு கஸ்டமருக்குப் படங்களைக் காப்பி செய்யக் கொடுத்தனுப்பியிருந்தார்! எந்தெந்த டிஸ்க்கை எங்கே ஏற்றுவது என்று எழுதிவைத்திருக்கும் எஃப்எஸ்டாப் ஃபைலில் அந்த டிஸ்க் கட்டாயம் வேண்டும் என்று இருந்தது. இல்லையென்றதும் சிஸ்டம் மேலே போக மறுத்துவிட்டது. அந்த வரிக்கு முன்னால் ஒரு '#' குறி போட்டதும் சர்வர் எழுந்தது. சில சமயம் அந்த ஃபைலைத் திருத்தவே விடாது. ரூட் பகுதி படிக்க மட்டும் என்ற நிலையில் ஏறியிருக்கும், எழுதும் நிலைக்கு ரீமவுண்ட் செய்த பிறகுதான் சேவ் ஆகும். டெபியனில் ரூட் (நிர்வாகி) கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை என்றால் எமர்ஜென்சி மோட் உள்ளேயும் விடாது. அப்போது இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் லைவ் பென்டிரைவிலிருந்து பூட் செய்து திருத்த வேண்டும்.

வெளி டிஸ்க் எதுவானாலும் அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற ஆப்ஷன் சேர்த்துவிடுங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காது. டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரில் எழுதாமல், அதற்கே உரிய யூயூஐடி எண்ணில் எழுதுங்கள். இன்று எஸ்டிபியாக இருப்பது நாளை வேறொரு டிஸ்க் மாட்டினால் எஸ்டிசி ஆகிவிடும்.

அந்தத் தம்பி கேட்ட கேள்விதான் அடுத்த தவறு: ரீஇன்ஸ்டால். ஏதாவது ஒன்று ஓடவில்லை என்றால் ஃபார்மட் அடிப்பது விண்டோஸ் காலத்துப் பழக்கம். சர்வரில் இரண்டு மூன்று டிஸ்க் இருக்கும். இன்ஸ்டாலரில் ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு எது சிஸ்டம், எது படங்கள் என்று தெரியாமல் ஒரு கிளிக். அவ்வளவுதான். ரீஇன்ஸ்டால் செய்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், சிஸ்டம் டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

பெரும்பாலும் அதற்கு அவசியமே வராது. உபுண்டுவும் டெபியனும் புதுக் கெர்னல் போடும்போது பழையதையும் விட்டுவைக்கும். பூட் ஆகும்போது பழைய பயாஸ் மெஷினில் ஷிஃப்ட்டையும், பயாஸின் புது வடிவமான யூஈஎஃப்ஐ உள்ள மெஷினில் எஸ்கேப்பையும் அழுத்தினால் கிரப் மெனு வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் எழுந்துவிட்டால் கோளாறு புதுக் கெர்னலிலோ அதன் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலிலோ. நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

அப்படி எழுந்ததும் பூட் பகுதியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து இன்ஸ்டால் செய்தவர்களுக்குப் பூட் தனிப் பகுதியாக இருக்கும், அளவும் சின்னது. பழைய கெர்னல்கள் சேர்ந்து நிரம்பியிருந்தால் புது ஃபைல் பாதியில் நின்றுபோகும். இங்கே நடக்கும் பெரிய அபத்தம், அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பழசாகத் தெரிகிறதையெல்லாம் கையால் டெலிட் செய்வது. ஃபைல் போய்விடும், பேக்கேஜ் கணக்கில் அது இருப்பதாகவே இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே டெலிட் செய்தவர்களும் உண்டு. பேக்கேஜ்களைப் போட்டு எடுக்கும் ஏபிடியின் ஆட்டோரிமூவ் கட்டளையிடம் விட்டுவிடுங்கள், எதை வைப்பது எதை எடுப்பது என்று அதற்குத் தெரியும். அப்டேட் நடுவில் கரன்ட் போயிருந்தால், பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடித்துவைக்க டிபிகேஜியின் கன்ஃபிகர் கட்டளை ஒன்று இருக்கிறது; முதலில் அதை ஓட்டிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அப்டேட்டே காரணமான சமயங்களும் இல்லாமல் இல்லை. 2020 ஜூலை இறுதியில் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்கக் கிரப்புக்கு அவசர அப்டேட் வந்தது. போட்டவர்களில் சிலருக்கு 'கிரப்_காலாக் சிம்பல் கிடைக்கவில்லை' என்ற பிழையோடு மெஷின் நின்றது. பழைய பயாஸ் மெஷின்களில் இதன் காரணம் விநோதமானது. கிரப்பின் ஒரு பாதி டிஸ்க்கின் தொடக்கத்திலும், மறு பாதி பூட் ஃபோல்டரிலும் இருக்கும். இரண்டு டிஸ்க் உள்ள மெஷினில், பயாஸ் ஒரு டிஸ்க்கிலிருந்து கிளம்பும், அப்டேட் வேறு டிஸ்க்கில் எழுதியிருக்கும். பழைய பாதியும் புதுப் பாதியும் ஒட்டவில்லை. மெஷின் உண்மையில் கிளம்புகிற டிஸ்க்கில் கிரப்பை மறுபடி நிறுவினால் தீர்ந்தது. டிஸ்க்கை மாற்றியபோது கிரப்பை மறந்தவர்களுக்கு இன்றும் இது நேரலாம். அதே மெஷினில் விண்டோஸும் வைத்திருப்பவர்களுக்கு 2024 ஆகஸ்டில் வேறொரு அனுபவம்: விண்டோஸ் அப்டேட் போட்டதும் லினக்ஸ் பக்கம், பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் 'எஸ்பாட்' சோதனையில் தோற்று நின்றது. கையெழுத்திட்ட பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே போய்த் தீர்த்தார்கள்.

அடுத்த தவறு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது. திரை அசையவில்லை என்றால் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பெரிய டிஸ்க்கைச் சோதிக்க வெகுநேரம் ஆகும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே அணையுங்கள். அந்த டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) ஓட்டி, கேட்கிற கேள்விக்கெல்லாம் 'எஸ்' கொடுப்பது கொலைக்குச் சமம். முதலில் டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள், டிஸ்க் சாகிற நிலையில் இருந்தால் டிடிரெஸ்க்யூ கொண்டு வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள், ரிப்பேரை நகலில் செய்யுங்கள். மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டவே கூடாது.

பை-ஹோல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சர்வர் விழுந்தால் வீடு முழுக்க நெட் விழும், ஏனென்றால் ரவுட்டர் எல்லாரையும் அதனிடம்தான் விலாசம் கேட்க அனுப்புகிறது. "நெட் வரல" என்று அம்மா ஒரு பக்கம், சீரியல் நின்றுபோன கோபத்தில் பாட்டி ஒரு பக்கம். அந்தக் கூச்சலில்தான் அவசர முடிவுகள் எடுக்கிறோம். முதல் வேலையாக ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிவிடுங்கள். வீடு அமைதியாகும், உங்களுக்கும் விடை தேட நெட் கிடைக்கும்.

டெஸ்க்டாப்புக்குப் பதில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும், பை 5-க்கு 5 ஆம்பியர் வரை. பழைய மொபைல் சார்ஜரில் ஓட்டினால், அப்டேட் மாதிரிக் கனமான வேலையின்போது வோல்டேஜ் இறங்கி எஸ்டி கார்டில் எழுதுவது கெட்டுப்போகும். திரை மாட்டியிருந்தால் மூலையில் மின்னல் குறி வரும்.

கடைசியாக நேரம். பேப்பரில் 'நாளைய மின்தடை' பட்டியலில் உங்கள் ஏரியா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்டேட் போடுங்கள். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்து மத்தியானத்தில், தூசு அடைத்த ஃபேனோடு உபுண்டுவையோ டெபியனையோ முழுசாக அடுத்த வெர்ஷனுக்கு மாற்றாதீர்கள். சென்னையில் இருந்துகொண்டு, காட்பாடி வீட்டில் அப்பா அம்மா மட்டும் இருக்கும்போது ரிமோட்டில் ரீபூட் கொடுப்பதும் வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் யூபிஎஸ் மோட் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் கரன்ட் மாறும் அந்த ஒரு கணத்திலேயே டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும். விளக்கும் ஃபேனும் தாங்கும், பாதி அப்டேட்டில் இருக்கும் சர்வர் தாங்காது.